காவிரிப் படுகைக்கு ஒரு நினைவு நோட்டு

தஞ்சைப் பெரிய கோயில் ஒரு காலத்தில் ரூபாய் நோட்டில் இருந்தது. ரிசர்வ் வங்கி 1954-இல் வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நோட்டைத் திருப்பினால் அந்த விமானம் தெரியும். 1978 ஜனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அதுவும் புழக்கத்தை விட்டுப் போனது. இன்றைக்கு நம் கையில் இருக்கிற புது வரிசை நோட்டுகளில் பத்தில் கோனார்க், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பி, நூறில் குஜராத்தின் ராணி கி வாவ், இருநூறில் சாஞ்சி, ஐந்நூறில் செங்கோட்டை.

பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்ததை ஒட்டி 2010-இல் தபால்தலை வந்தது. ஆயிரம் ரூபாய் மதிப்பிட்ட நினைவு நாணயமும் உண்டு. 35 கிராம் எடை, அதில் 80 விழுக்காடு வெள்ளி. கோயிலுக்குச் சேர வேண்டிய மரியாதை அது. ஆனால் கோயிலைச் சுற்றி இருக்கிற வயலுக்கு, வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஆறுகளுக்கு, ஆறு போய்ச் சேருகிற கரையில் வந்து இறங்குகிற பறவைகளுக்கு யார் தாள் அடிப்பார்கள்? மயிலாடுதுறையில் நாங்கள் சிலர் நோட்டு, நாணயம், தபால்தலை சேர்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

பேச்சைக் காரியமாக்கியது காரைக்காலிலிருந்து வந்த ஒரு தாள். காரைக்காலில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் சொந்தபந்தம் உண்டு. விடுமுறைக்கு வந்த நண்பரின் மகள் எங்களுக்கென்று பூஜ்ய யூரோ நோட்டுகள் சில கொண்டுவந்திருந்தார். 2015-இல் ரிஷார் ஃபாய் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது இது. யூரோ நோட்டு அச்சடிக்கிற அச்சகத்திலேயே, நிஜ நோட்டுத் தாளில், நீர்க்குறி, ஹோலோகிராம், பாதுகாப்பு இழை எல்லாம் வைத்து அடிக்கிறார்கள். மதிப்பு மட்டும் பூஜ்யம். 135 மி.மீ. நீளம், 74 மி.மீ. அகலம். ஒவ்வொரு கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் தனித்தனிப் படம். அந்தந்த இடத்தில் இரண்டு மூன்று யூரோ கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வரிசை எண்ணின் முன்னெழுத்தை வைத்து நாடு தெரிந்துகொள்ளலாம்: யூஇ என்றால் பிரான்ஸ், எக்ஸ்இ என்றால் ஜெர்மனி. 2018-இல் கார்ல் மார்க்ஸ் பிறந்து இருநூறு ஆண்டு ஆனபோது, அவர் பிறந்த டிரியர் நகரம் அவர் படம் போட்டு ஒன்று வெளியிட்டது. மூன்று யூரோ விலை, ஜனங்கள் தேடி வாங்கினார்கள்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, காவிரிப் படுகைக்கு ஒன்று நாமே செய்வோம் என்று முடிவெடுத்தோம். உள்ளூர்ப் பள்ளியில் வருஷா வருஷம் நாங்கள் வைக்கிற சிறு கண்காட்சியில் அதை வெளியிடுவதாகத் திட்டம். இப்படி ஓர் எண்ணம் வேறு ஊர்க்காரர்களுக்கும் இருந்தால் உதவுமே என்றுதான் நடந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் வக்கீல். ஓவியரிடம் போகும் முன்பே வக்கீலிடம் போய்விட வேண்டும், ஏனென்றால் அவர் சொல்வதை வைத்துத்தான் தாளின் உருவமே அமையும். ரூபாய் நோட்டைப் போலத் தோன்றும் எந்தக் காகிதத்தையும் தயாரிப்பதோ பிறருக்குக் கொடுப்பதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 182-ஆம் பிரிவுப்படி குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 489-ஈ என்று இருந்தது இதுதான். அபராதம் சிறிய தொகைதான். ஆனால் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாத அளவுக்கு அந்தப் பிரிவின் வாசகம் விரிவானது. அதோடு, கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக வாக்களிக்கும் தாளை ரிசர்வ் வங்கியோ மத்திய அரசோ தவிர வேறு யாரும் வெளியிடக் கூடாது என்று 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் 31-ஆம் பிரிவில் சொல்கிறது. அசோகச் சின்னம் கூடாது. காந்தி படம் கூடாது. ரூபாய்க் குறியீடு, 'வங்கி' என்ற சொல், கவர்னர் கையெழுத்து போல ஒரு கிறுக்கல், பின்பக்கத்தில் பல மொழிகளை அடுக்கும் கட்டம் எதுவுமே கூடாது.

"பார்த்த மாத்திரத்துல ஒரு கடைக்காரருக்குப் பணம்னு தோணக் கூடாது சார், அதுதான் கணக்கு" என்றார் வக்கீல்.

அதனால் தாளை நெட்டுக்குத்தாக வைத்தோம். அளவு 90-க்கு 180 மி.மீ. இப்போதைய ஐந்நூறு ரூபாய் 66-க்கு 150, நூறு ரூபாய் 66-க்கு 142. எதனோடு வைத்தாலும் எங்கள் தாள் தனியாகத் தெரியும். இரு பக்கத்திலும் 'நினைவுப் பொருள். பணம் அல்ல' என்று படிக்கிற அளவு எழுத்தில் போட்டோம். சிலர் அதை மூலையில் பொடியாகப் போடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சந்தையில் கூடைக்காரம்மா ஒருவரிடம் இருட்டும் நேரத்தில் யாராவது இதை நீட்டினால், அவர் ஏமாறக் கூடாது. அழகு அதற்கப்புறம்தான்.

மதிப்பு என்ன போடுவது என்பதில் நீண்ட விவாதம். பூஜ்ய ரூபாய் என்று போடலாம் என ஒரு யோசனை. ஆனால் பூஜ்ய ரூபாய் நோட்டு ஏற்கனவே இருக்கிறது. சென்னையிலிருந்து ஐந்தாவது தூண் அமைப்பு 2007 முதல் லஞ்சம் கேட்பவர்களிடம் நீட்டுவதற்கென்றே அதை விநியோகித்தது. அந்தப் பேரை அந்த நல்ல வேலைக்கே விட்டுவிடுவோம் என்றோம். கடைசியில் எண்ணே போடவில்லை. எண் வர வேண்டிய இடத்தில் நெல் அளக்கிற மரக்கால் ஒன்றை வரைந்தோம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று அளந்து வாழ்ந்த ஊர்கள் இவை. பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் நெல் அளந்த செய்தி இருக்கிறது. பணத்தைவிட மூத்த அளவு அது. எண்ணை எதிர்பார்க்கிற கண்ணுக்கு மரக்கால் தெரிந்தால், இது பணமில்லை என்று அந்த நொடியே புரிந்துவிடும்.

அப்புறம் என்ன படம் என்ற கேள்வி. டெல்டாக்காரர்கள் பத்துப் பேர் கூடினால் பட்டியல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பெரிய கோயில், தாராசுரத்துத் தேர்ச்சக்கரம், திருவாரூர் ஆழித்தேர், நாகூர் மினாரா, வேளாங்கண்ணி, டேனிஷ் கோட்டை, வீணை, தலையாட்டிப் பொம்மை, சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, கும்பகோணம் வெற்றிலை. ஒவ்வொன்றும் நியாயமானதுதான். எல்லாவற்றையும் போட்டால் திருவிழா நோட்டீஸ் ஆகிவிடும். எங்கள் வட்டத்தில் மூத்தவர், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் ஒரு வழி சொன்னார்: "தண்ணி போற பாதையில போங்க. தண்ணி தொடாதது எதுவும் தாள்ல வேண்டாம்."

அந்த ஒரு வாக்கியம் எங்களைக் காப்பாற்றியது. நெட்டுக்குத்துத் தாளில் மேலே கல்லணை, நடுவில் வயல், கீழே முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரையும். ஆறு மேலிருந்து கீழே இறங்கிக் கடலில் முடியும். பின்பக்கம், இந்த நீரும் மண்ணும் கொடுத்த கைத்தொழில்.

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓர் இளைஞர் வரைந்தார். அருமையான கை. ஆனால் நோட்டுப் படத்துக்குக் கை மட்டும் போதாது. அந்தந்த இடத்து ஆட்களிடம் படத்தைக் காட்டித் திருத்த வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அதில் கிடைத்ததுதான் இந்த வேலையின் பெரிய லாபம்.

கல்லணைக்கு அவர் மதகுப் பாலத்தை வரைந்திருந்தார். எல்லோரும் புகைப்படம் எடுப்பது அதைத்தான். மூத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பாலம் பிற்காலத்தது, கரிகாலன் பேரில் சொல்கிற பழைய அணை வளைந்து நெளிந்து போகிற கல் கட்டுமானம் என்றார். அப்புறம் அவரே தாளில் கோடு போட்டுக் காட்டினார்: வடக்கே கொள்ளிடம், அதற்குத் தெற்கே காவிரி, பிறகு வெண்ணாறு, கடைசியில் கல்லணைக் கால்வாய் என்கிற புது ஆறு. அணையைப் பெரிதாக வரைவதை விட்டு, அங்கிருந்து பிரிகிற நான்கு நீரை வரைந்தோம். வரிசை மாறாமல்.

வயலுக்கு நெற்கதிர் வரைந்த படத்தைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல் போடுகிற ஒரு விவசாயியிடம் காட்டினோம். ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறவர் அவர்.

"இது என்ன நெல்லுங்க?"

மாப்பிள்ளைச் சம்பா என்றோம்.

"ஆடுதுறை 43 மாதிரி குட்டையா நிக்குதே தம்பி. மாப்பிள்ளைச் சம்பான்னா ஆள் உயரம் போவும். கதிர் முத்துனா சாயும்."

படத்தில் பக்கத்தில் ஒரு பெண் நிற்பதாக இருந்தது. கதிரை அவர் தோளுக்கு உயர்த்திச் சாய வைத்தோம். பெயரையும் கீழே எழுதினோம். வெறும் 'நெல்' என்று போட்டிருந்தால் அது எந்த மாநிலத்து நெல்லாகவும் இருக்கலாம்.

முத்துப்பேட்டைப் படகுக்காரர் ஒருவர் அலையாத்திப் படத்தைப் பார்த்துச் சொன்னது என்னால் மறக்க முடியாதது. ஓவியர் வளைந்து இறங்குகிற ஊன்றுவேர்களை வரைந்திருந்தார். "இது சுரபுன்னை வேர் சார். பிச்சாவரத்துப் போட்டோ பாத்து வரைஞ்சிருக்காங்க. எங்க காடு முச்சூடும் அலையாத்திதான். அதுக்கு வேர் சேத்துலேர்ந்து மேல குத்திக்கிட்டு நிக்கும்." மூச்சுவேர்கள் அவை, உப்புச் சேற்றில் காற்றில்லாததால் மேல் நோக்கி வளர்ந்து காற்று வாங்குகின்றன. ஓவியரை அங்கேயே கூட்டிப் போய்ப் படகில் உட்கார வைத்து வரையச் சொன்னோம். இப்போதிருக்கும் படத்தில் சேற்றுப் பரப்பு முழுக்கப் பென்சில் நட்டு வைத்த மாதிரி வேர் நிற்கிறது. முத்துப்பேட்டைக்காரர்கள் நோட்டை வாங்கினால் முதலில் விரல் வைப்பது அந்த இடத்தில்தான்.

கோடியக்கரைக்குப் பூநாரை வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. 1967-இல் சரணாலயமாக அறிவித்த இடம், 2002-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. முதல் படத்தில் பறவை செக்கச்செவேல் என்று இருந்தது. அந்த நிறம் அமெரிக்கப் பூநாரைக்கு உரியது. நம் கரைக்கு வருவது பெரும் பூநாரை; உடம்பு வெளுத்த ரோஜா நிறம், கிட்டத்தட்ட வெள்ளை. இறக்கையை விரித்தால்தான் உள்ளே சிவப்பும் ஓரத்தில் கறுப்பும் தெரியும். அலகின் நுனி கறுப்பு. அதனால் கூட்டமாக நிற்கும் பறவைகளில் ஒன்றை மட்டும் இறக்கை விரிக்க வைத்தோம். கோடியக்கரைக்கே உரிய வெளிமானையும் போட்டிருந்தோம். ஆணுக்கு முறுக்குக் கொம்பு, பெண்ணுக்குக் கொம்பில்லை; அதையும் சரிபார்த்தோம்.

இங்கே ஒரு யோசனை. இணையத்தில் கிடைக்கிற புகைப்படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எந்த நாட்டுப் பறவை, எந்த ஊர் வேர் என்று தெரியாமலே தாளில் ஏறிவிடும். நேரில் போய் எடுத்த படம், அல்லது எடுத்தவர் எழுதிக் கொடுத்த அனுமதி, இரண்டில் ஒன்று கையில் இருக்கட்டும்.

பின்பக்கத்துக்கு நெட்டியும் நாதஸ்வரமும். நெட்டி என்பது குளம் ஏரிகளில் வளர்கிற நீர்ச்செடி. அதன் வெள்ளைத் தண்டைச் சீவித்தான் தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரி செய்கிறார்கள். பார்த்தால் தந்தம் என்று தோன்றும். பெரிய கோயில் இல்லாமல் காவிரிப் படுகை நோட்டா என்று கேட்டவர்களுக்கும் இதில் வழி பிறந்தது: கோயிலையே வரையாமல், நெட்டியில் செய்த கோயிலை வரைந்தோம். தண்ணீர்ப் பாதை என்ற விதியும் மீறப்படவில்லை. நாதஸ்வரம் நரசிங்கம்பேட்டையுடையது. ஆச்சா மரத்தில் கடைவது; புவிசார் குறியீடு பெற்றது.

இனி அச்சு. நிஜ நோட்டுகளின் பின்னணியில் நெளிந்து பின்னிய மெல்லிய கோடுகள் இருக்குமே, அதுபோல ஒன்று வேண்டும் என்று ஓவியர் கணினியில் தேடிக்கொண்டிருந்தார். என் அத்தை மார்கழியில் போடுகிற சிக்குக் கோலத்தைக் காட்டினேன். புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடு எடுத்த இடத்திலேயே வந்து முடியும். அத்தையே ஒரு தாளில் போட்டுக் கொடுத்தார். அதைத்தான் பின்னணியாக வைத்தோம். ஆனால் அச்சகத்தில் ஒன்று கற்றுக்கொண்டோம். இப்படிப்பட்ட மெல்லிய கோட்டை வழக்கமான நாலு கலர் முறையில் அடித்தால், நிறங்கள் கலப்பதற்காகக் கோடு புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். வேண்டிய நிறத்தை மையாகவே கலந்து தனி பிளேட்டில் ஒரே நிறமாக அடிக்க வேண்டும். ஒரு பிளேட் செலவு கூடும். கோடு கத்தி மாதிரி விழும். அந்தக் காசைச் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

காகிதம் அதைவிட முக்கியம். இந்திய ரூபாய் நோட்டு பருத்தி நாரில் செய்த தாள். அந்தச் சடசடப்பு சாதாரணக் காகிதத்தில் வராது. முதலில் ஆர்ட் பேப்பரில் மாதிரி எடுத்துப் பார்த்தோம். பளபளப்பு கண்ணைக் கவர்ந்தது, மடித்தால் மடிப்பில் மேல்பூச்சு உதிர்ந்தது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூச்சுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். கடைசியில் பூச்சில்லாத, அமிலம் நீக்கிய, பருத்தி கலந்த பாண்ட் தாள், 120 ஜிஎஸ்எம். அச்சகத்தின் மூத்த மிஷின்மேன் இன்னொன்றும் சொன்னார். தாளை வாங்கியவுடன் அடிக்கக் கூடாது, கட்டைப் பிரித்து மிஷின் அறையிலேயே வைத்து அந்த அறையின் ஈரத்துக்குப் பழக விட வேண்டும். காகிதம் ஈரத்தில் விரியும். முதல் நிறம் அடித்துவிட்டு மறுநாள் இரண்டாம் நிறம் அடிக்கும்போது இம்மியளவு விரிந்திருந்தாலும் பூநாரையின் அலகு தலையை விட்டுத் தள்ளி நிற்கும்.

அந்த அறையில் தாள் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1706-இல் அங்கே வந்து, சில ஆண்டுகளில் அச்சு இயந்திரம் வரவழைத்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பக்கத்துப் பொறையாறிலேயே காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். முந்நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கடற்கரை ஈரத்தோடு தாளும் மையும் மல்லுக்கட்டியிருக்கின்றன.

வரிசை எண்ணைக் கணினியில் சேர்த்து அடிக்காமல், பில் புக்குக்கு எண் போடுகிற பழைய டிரெடில் அச்சு இயந்திரத்தில் நம்பரிங் மெஷின் வைத்துப் போட்டோம். எண் தாளில் லேசாகப் பதிந்து இறங்கும். பின்பக்கம் விரலால் தடவினால் தெரியும். பாதுகாப்புக்கும் அது நல்லது. கலர் ஜெராக்ஸ் எடுத்தால் படம் வரும், அந்தப் பதிவு வராது.

எத்தனை அடிப்பது? 2000 என்று முடிவு செய்து, 'மொத்தம் 2000' என்று தாளிலேயே அச்சிட்டோம். அதற்கு மேல் ஒன்றுகூட அடிக்கவில்லை. பிசகாக விழுந்த தாள்களை அச்சகத்திலேயே எண்ணிக் கிழித்துப் போட்டோம். இது சிலருக்கு அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் சேகரிப்பு உலகில் பிழையான தாளுக்குத் தனி விலை உண்டு; குப்பையிலிருந்து எடுத்து 'அரிய பிழை நோட்டு' என்று யாராவது விற்றால் நம் பேர்தான் கெடும். எந்த எண் யாரிடம் போனது என்று ஒரு பேரேடும் வைத்திருக்கிறோம்.

எண்கள் இப்படி ஜனங்களைப் பிடித்துக்கொள்ளும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 0001 யாருக்கு என்ற சண்டை வராமல் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். முஸ்லிம்கள் பலர் மங்கலமாகக் கருதும் 786 வருகிற 0786-ஐ நாகூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து கேட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார். 1010 பெரிய கோயில் கட்டி முடித்த ஆண்டு. அதைத் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். 1620 டேனிஷ் கோட்டைக்காகத் தரங்கம்பாடி போனது. 1934-ஐ ஒரு விவசாயி கேட்டார், மேட்டூர் அணை திறந்த ஆண்டு. 1967 கோடியக்கரைக்கு, 1987 பெரிய கோயில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கு. ஒருவர் தன் மகள் பிறந்த ஆண்டைக் கேட்டார். வேதாரண்யத்துக்காரர் ஒருவர் 2018 இருக்கிறதா என்றார். கஜா புயல் ஆண்டு. எங்களிடம் 2000 வரைதான். அவர் சரி என்று 1116-ஐ எடுத்துக்கொண்டார். நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை புயல் கரையேறியது. ஆகவே இதைச் செய்பவர்களுக்கு என் யோசனை: எண்களை நான்கு இலக்கத்தில் வையுங்கள், ஊரின் வரலாற்றில் முக்கியமான ஆண்டுகளை முன்பே குறித்து எடுத்து வையுங்கள், அவற்றுக்கு விலை கூட்டாதீர்கள். எல்லா எண்ணுக்கும் ஒரே விலைதான் வைத்தோம். அச்சுச் செலவு, ஓவியர் ஊதியம், உறை. அதற்கு மேல் இல்லை.

வாங்கியவர்கள் எல்லோரும் கேட்ட அடுத்த கேள்வி, எப்படி வைத்துக்கொள்வது. நோட்டு சேர்க்கிற யாருக்கும் இது பொருந்தும். லேமினேட் செய்யவே கூடாது. சூடும் பசையும் தாளுக்குள் இறங்கினால் திரும்பப் பெற முடியாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி ஆல்பம் நாளாக நாளாக ஒரு வாசனையோடு பிசுபிசுக்கும். அதிலிருந்து கசிவது மையைத் தின்னும். பாலிபுரொப்பிலீன் அல்லது மைலார் உறை கேட்டு வாங்குங்கள். தாளை ஓரத்தில் பிடியுங்கள், நடுவில் விரல் படாமல். மழைக்காலத்தில் பீரோவின் அடித்தட்டு வேண்டாம், சுவரோடு ஒட்டியும் வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவது வழக்கம். அதன் ஆவி பிளாஸ்டிக் உறையைக் கெடுக்கும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு சேர்த்த பொடியைத் துணியில் முடிந்து வைப்பார்கள். அதே மாதிரி ஒரு முடிச்சை, தாளில் படாமல், தட்டின் மூலையில் வைக்கலாம்.

நனைந்துவிட்டால்? கஜாவில் வேதாரண்யம் பக்கம் ஒரு நண்பர் வீட்டு ஓடு பறந்து ஆல்பம் முழுக்க ஊறிப்போனது. அவர் செய்தது சரியான வேலை. ஒட்டிக்கொண்ட நோட்டுகளைப் பிய்க்கவில்லை, வெயிலில் போடவில்லை, இஸ்திரி போடவில்லை. தட்டில் சுத்தமான தண்ணீர் விட்டு, தானாகப் பிரிகிற வரை பொறுத்து, மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமில்லாத பலகை ஒன்றை வைத்து நிழலில் உலர்த்தினார். உறிஞ்சுதாளை அடிக்கடி மாற்ற வேண்டும். பல நோட்டுகள் பிழைத்தன.

கண்காட்சி முடிந்த சில வாரங்களில் வேறு வகைத் தொலைபேசிகள் வர ஆரம்பித்தன. "இது பின்னாடி லட்சத்துக்குப் போகுமாமே, பத்து எடுத்து வைக்கட்டுமா?" இதற்கு ஒரே பதில்தான் சொல்கிறோம்: போகாது, பிடித்திருந்தால் ஒன்று வாங்குங்கள். டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம் என்று சொல்லி, பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் கறக்கிற மோசடி இன்னும் நடக்கிறது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை, யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-இல் அறிவிப்பே வெளியிட்டது. முன்பணம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, 2016-இல் செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டுகளை ஆசைக்காகக் கட்டாக வைத்திருப்பவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கும் நாணயவியல் சேகரிப்புக்கும் என்றால் இருபத்தைந்து வரை.

நோட்டு வந்த பிறகு பள்ளிப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள்தான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வெண்ணாறு எங்கே பிரிகிறது, மூச்சுவேர் ஏன் மேலே வருகிறது, நெட்டிச் செடி எந்தக் குளத்தில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். நீடாமங்கலம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, வடுவூர் ஏரி ஏன் தாளில் இல்லை என்று சண்டைக்கே வந்தாள். 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய ஏரி அது. நியாயமான சண்டை.

வடுவூர் அடுத்த நோட்டில் வரும். அதோடு மனோராவும்: இரண்டாம் சரபோஜி கடலோரத்தில் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். அதற்கு முன்னால் கடலில் கடற்பசு. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு 2022-இல் அறிவித்த பகுதி அதுதான். ஓவியர் முதல் வரைவைக் கொடுத்துவிட்டார். கடற்புல் மேய்கிற மாதிரி, தலையைத் தாழ்த்தி வரைந்திருக்கிறார். வால் டால்பினுடையதைப் போலப் பிளந்து இருக்கிறது, அது சரி. உதடு சரியா என்று சேதுபாவாசத்திரம் மீனவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பிராணியை வலையிலிருந்து விடுவித்துக் கடலில் விட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். வரைவை எடுத்துக்கொண்டு தை பிறந்ததும் போவதாக இருக்கிறோம்.